அழகா, இதமா? தினசரி ஷூ தேர்வில் ஆலோசனை தேவை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நாளின் பெரும்பகுதியை நின்றபடியே கழிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, உடைக்குப் பொருத்தமாகவும் காலுக்கு இதமாகவும் அமையும் ஒரு ஜோடி ஷூவைத் தேர்ந்தெடுக்க உங்கள் உதவி தேவைப்படுகிறது.

சென்ற முறை, கூர்முனை கொண்ட தோல் ஷூவைக் காலை வேளையில் போட்டுப் பார்த்து, கண்ணாடியில் தெரிந்த அழகில் மயங்கி வாங்கிவிட்டேன். மாலையில் பாதம் சற்று வீங்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. இப்போது சுண்டுவிரலின் ஓரம் காய்த்துப்போய், குதிகாலில் பழைய கொப்புளத்தின் மேலேயே புதியது கிளம்புகிறது. போடப் போடத் தோல் இளகிக்கொடுக்கும் என்று விற்பனையாளர் சொன்னது அகலத்துக்கு ஓரளவு பொருந்தலாம். நீளத்துக்குப் பொருந்தாது என்பதைப் பெருவிரல் நகம் கறுத்த பிறகே உணர்ந்தேன்.

ஓட்டப் பயிற்சிக்கான ஷூ இதமாக இருந்தாலும், மடிப்புக் கலையாத கால்சட்டைக்குக் கீழே அது இரவல் வாங்கி அணிந்தது போலத் தெரிகிறது (வீட்டாரின் கேலி தனி). ஆகவே, விரல்கள் விரிய இடம் தரும் அகன்ற முன்பகுதியும், நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடைவெளியும், அதிக உயரமில்லாத குதியும் உடைய, அதே சமயம் பார்வைக்கு மெலிந்து தோன்றும் வடிவங்கள் எவை? உள்ளே தனியாக மெத்தை வைத்துக்கொள்வது பலன் தருமா, அல்லது இருக்கும் இடத்தையும் அது அடைத்துவிடுமா? அன்றாடம் அணிந்து பழகியவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.