கருவிக்குப் பழைய எண்ணைக் கொடுத்தீர்களா, புதிய எண்ணையா?

திருப்பரங்குன்றத்திலிருந்து:

டிபிடிகே என்ற பாக்கெட் கையாளும் நிரல் நூலகத்தை வைத்து நெட்வொர்க் அட்டையைக் கெர்னலுக்கு (இயக்குதளத்தின் மையப் பகுதி) வெளியே இயக்குகிறவர்கள், அட்டைக்கு நிஜ முகவரி (நினைவகத்தில் உண்மையான இடம்) கொடுப்பதா மெய்நிகர் முகவரி (நிரல் பார்க்கும் இடம்) கொடுப்பதா என்ற கேள்விக்கு ஒருநாள் வந்தே தீர வேண்டும். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

இலந்தைக்குளத்தில் ஒரு சிறு நிறுவனத்தில் இருந்தபோது, 10 கிகாபிட் அட்டையில் வரும் பாக்கெட்டுகளை எண்ணும் நிரல் ஒன்றைப் பார்த்துக்கொண்டேன். சர்வரை அணைத்துப் போட்டால் நன்றாக ஓடும். பத்து நாள் கழித்து நிரலை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் நினைவகம் இல்லை என்று நின்றுவிடும். நினைவகத்தை 2 எம்பி துண்டுகளாகத் தரும் பெரும்பக்கங்கள் 1024 கேட்டோம், 1024-ம் கிடைத்திருந்தன. பிறகு எது இல்லை?

இரவு ஒன்பது மணிக்கு ஒவ்வொரு பக்கத்தின் நிஜ முகவரியையும் அச்சிட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. எங்கள் ஸ்கிரிப்ட் பக்கங்களை நிரல் தொடங்கும் நேரத்தில் ஒதுக்கியது. பத்து நாள் ஓடிய சர்வரில் அவை மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. நிரலோ 8 எம்பியை ஒரே துண்டாகக் கேட்டது. நிஜ முகவரி முறையில் நான்கு பக்கங்கள் அடுத்தடுத்து அமைந்தால்தான் அது கிடைக்கும்.

நம் ஊர் வீடுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருக்குமே, அதுதான் இது. புதிய எண்கள் வரிசையாக இருக்கும், பழையவை தாறுமாறாக இருக்கும். இரண்டும் தெரிந்த தபால்காரர் இருந்தால் புதிய எண்ணே போதும். அந்தத் தபால்காரர்தான் ஐஓஎம்எம்யூ: அட்டை சொல்லும் மெய்நிகர் முகவரியை (புதிய எண்) நிஜ முகவரியாக (பழைய எண்) மாற்றித் தரும் வன்பொருள். பயாஸில் விடி-டியை (இன்டெல்லின் ஐஓஎம்எம்யூ வசதி) இயக்கி, கெர்னல் துவக்க வரியிலும் ஐஓஎம்எம்யூவை இயக்கி, அட்டையை யூஐஓ டிரைவரிலிருந்து, ஐஓஎம்எம்யூவைப் பயன்படுத்தும் விஎஃப்ஐஓ டிரைவருக்கு மாற்றினேன். அட்டையின் இரண்டு போர்ட்டுகளும் ஒரே ஐஓஎம்எம்யூ குழுவில் (சேர்த்தே கையாள வேண்டிய கருவிகளின் தொகுப்பு) இருந்ததால், ஒன்றை மட்டும் மாற்றியபோது திறக்க மறுத்தது. இரண்டையும் மாற்றி, மெய்நிகர் முறையில் தொடங்கியதும் ஓடியது. சிதறல் அப்படியேதான் இருந்தது. அட்டைக்கு அது தெரியவில்லை.

மேலூரிலிருந்து:

அண்ணன் சொன்னது நினைவகம் கிடைக்காத கதை. கிடைத்தும் கெட்ட கதை என்னுடையது. டிபிடிகே இல்லாமல் நானே ஒரு சிறு டிரைவர் எழுதினேன். மெய்நிகர் கணினியில் ஐஓஎம்எம்யூ இல்லை. அதனால் விஎஃப்ஐஓவின் காவலற்ற முறையை, அதாவது ஐஓஎம்எம்யூ இல்லாமல் ஓடும் முறையை, இயக்கினேன். கெர்னல் 4.5-இல் வந்த வசதி அது. அதில் நிஜ முகவரி தவிர வேறு வழி கிடையாது.

முதல் பக்கத்தின் நிஜ முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதிக்குக் கூட்டிக்கொண்டே போனேன். 2 எம்பி எல்லையைத் தாண்டியதும் அந்த முகவரி என் பக்கத்தினுடையது அல்ல. அட்டை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தது, யாரோ ஒருவரின் நினைவகத்தில். என் நிரலில் ஒரு பிழைச் செய்தியும் இல்லை. சம்பந்தமே இல்லாத ஒரு கோப்பைத் திறந்தால் நடுவில் பாக்கெட் தலைப்பின் பைட்டுகள் தெரிந்தன. அன்று எனக்குக் கை நடுங்கியது.

ஐஓஎம்எம்யூ உள்ள இயந்திரத்தில், வரைபடமாக்காத (ஐஓஎம்எம்யூவில் பதிவு செய்யாத) முகவரிக்கு வேண்டுமென்றே எழுதவிட்டுப் பார்த்தேன். அட்டை தடுக்கப்பட்டது. டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) எந்தக் கருவி, எந்த முகவரி என்று ஒரே வரியில் பதிவாகியிருந்தது. அந்த ஒரு வரிக்காகவே, முடிந்த இடத்தில் எல்லாம் மெய்நிகர் முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

திருநகரிலிருந்து:

இன்னொன்று. நிஜ முகவரி வேண்டுமென்றால் மெய்நிகர் பக்கம் நிஜத்தில் எங்கே இருக்கிறது என்று லினக்ஸ் காட்டும் பேஜ்மேப் கோப்பைப் படிக்க வேண்டும். நினைவகத்தின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பக்கத்து பிட்டுகளைப் புரட்டும் ரோஹாமர் தாக்குதலுக்குப் பிறகு, 2015-இல் வந்த கெர்னல் 4.0 முதல், சிறப்பு அனுமதி இல்லாதவர்களுக்கு அது பக்க எண்ணைத் தருவதில்லை, 4.2 முதல் பூஜ்யம்தான் வரும். சாதாரணப் பயனராக ஓட்டி, எல்லா முகவரியும் பூஜ்யமாக வந்து இரண்டு நாள் தவித்தேன். மெய்நிகர் முறையில் ரூட் (நிர்வாகி) அனுமதி தேவைப்படவில்லை; பயனரின் நினைவகப் பூட்டு வரம்பை (இடம் மாறாமல் பூட்டிவைக்கக்கூடிய அளவு) உயர்த்தியதும் ஓடியது.

மேலூர்த் தம்பி ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ஐஓஎம்எம்யூக்களுக்கு 39 பிட் முகவரிதான், அதாவது 512 ஜிபி வரை. மெய்நிகர் முகவரி அதற்கு மேலே அமைந்தால் வரைபடமாக்கல் தோற்றுவிடும். அப்போது முறையை மாற்ற ஓட வேண்டாம். தொடக்க முகவரியைக் கீழே இறக்கிக் கொடுத்துப் பாருங்கள். எனக்கு 4 ஜிபியில் தொடங்கியதும் சரியானது.