மூடிய கேம் கடையிலிருந்து வரும் முஸ்தபா மெஷின்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

ஈரோட்டுக்காரன்

வணக்கம் நண்பர்களே. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரொம்ப நாளாக மூடிக் கிடந்த கேம் கடையைக் காலி செய்கிறார்கள். நின்று ஆடும் மரப்பெட்டி மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. உள்ளே முஸ்தபா போர்டு, அதாவது கேப்காமின் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். 20 இஞ்ச் பழைய டி.வி. டியூப், மூன்று ஸ்டிக். 9,000 ரூபாய் சொல்கிறார்கள்.

ஆன் செய்தால் சத்தம் வருகிறது. படம் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருக்கிறது. மூன்றாவது ஸ்டிக் எதற்கும் அசையவில்லை. பெட்டியின் காயின் கதவைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது.

இது தேறுமா? டியூபைக் கழற்றிவிட்டு எல்.சி.டி. மாட்டலாமா? பண்டோரா பாக்ஸ் (நிறைய கேம் அடங்கிய ஒற்றைப் போர்டு) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர், உண்மையா? இன்னொன்று, இந்தக் கடைகள் எல்லா ஊரிலும் ஏன் இப்படித் துடைத்தெடுத்தது போல் காணாமல் போயின? ஸ்டிக் பிடித்து ஆட இன்னும் எங்கேயாவது இடம் இருக்கிறதா?

---

ஃப்ளைபேக்

நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்த 'சுர்' தான் முதலில் கவனிக்க வேண்டியது. மற்றதெல்லாம் அப்புறம்.

நம்மூர் மெஷின்களில் பெரும்பாலும் தனி ஆர்கேட் மானிட்டர் கிடையாது. கலர் டி.வி. சேசிஸில் (டியூபை ஓட்டும் சர்க்யூட் போர்டில்) ஆர்.ஜி.பி. ஒயரை, அதாவது சிவப்பு, பச்சை, நீல சிக்னல் ஒயரை, நேரடியாக இழுத்துக் கொடுத்திருப்பார்கள். சில டி.வி. சேசிஸ்களில் கிரவுண்டே மெயின்ஸோடு, அதாவது வீட்டுக் கரண்டோடு, சேர்ந்தது. கேம் போர்டின் கிரவுண்டை அதோடு இணைத்தால் போர்டு, காயின் கதவு, ஸ்டிக்கின் இரும்புத் தட்டு எல்லாவற்றிலும் கரண்ட் நிற்கும். ஒழுங்காகச் செய்தவர்கள் டி.வி.க்கு மட்டும் 230-க்கு 230 வோல்ட் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயின்ஸிலிருந்து பிரித்துத் தருவது) போட்டிருப்பார்கள், 150 முதல் 200 வி.ஏ. வரை. காசு மிச்சம் பிடித்தவர்கள் பிளக்கைத் திருப்பிச் சொருகி ஓட்டியிருப்பார்கள். பின்கதவைத் திறந்தால் தெரிந்துவிடும்: கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று டி.வி. லைனில் இல்லையென்றால், அதைப் போடும் வரை மெஷினை ஆன் செய்யாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (போர்டுக்கு 5, 12 வோல்ட் தரும் பவர் சப்ளையின்) எர்த் ஒயர் அறுந்திருந்தாலும் லேசான சுர் வரும்; அப்போது காயின் கதவையும் எஸ்.எம்.பி.எஸ். கூட்டையும் எர்த் பின்னோடு சேர்த்தாலே போகும். எது காரணம் என்று மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து, டி.வி. பிளக் போட்டும் கழற்றியும் கதவுக்கும் எர்த்துக்கும் இடையில் அளந்து பாருங்கள்.

படம் உருளுவதற்குப் பயப்பட வேண்டாம். நம் டி.வி. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, கேப்காம் போர்டு அனுப்புவதோ கிட்டத்தட்ட 60. பழைய சேசிஸில் வி-ஹோல்டு என்று ஒரு பிரீசெட் (சரிசெய்யும் சின்னத் திருகு) இருக்கும்; அதைத் திருப்பித்தான் மெக்கானிக் 60-க்கு இழுத்து நிறுத்தியிருப்பார். வெர்ட்டிகல் பகுதியின் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்தால் அந்த இடம் நழுவும், பிரீசெட்டை முழுக்கத் திருப்பினாலும் பிடிக்காது. வெர்ட்டிகல் ஐ.சி.யைச் சுற்றி இருக்கும் நான்கைந்து கெபாசிட்டரை அதே மதிப்பில், 105 டிகிரி வகையில் மாற்றுங்கள். நூறு, இருநூறு ரூபாய் வேலை. உருளுவதோடு படம் சாய்ந்து கிழியவும் செய்தால் சிக்கல் சிங்க் ஒயரில், அதாவது படத்தை இடத்தில் நிறுத்தும் சிக்னல் ஒயரில்.

சேசிஸில் கை வைக்கும் முன் டியூபை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூடிரைவரில் ஒயர் கட்டி, அதன் மறுமுனையை டியூபைச் சுற்றியுள்ள பின்னல் கம்பியில் மாட்டி, அப்புறம் ஆனோடு ரப்பர் மூடிக்குள் நுழையுங்கள். 20,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கும் இடம் அது. இந்த வேலை பழக்கமில்லை என்றால் ஊரில் மிச்சமிருக்கும் பழைய டி.வி. மெக்கானிக்கிடம் கொடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

இனி போர்டு. ஜாமா கனெக்டர் என்பது கேம் போர்டைப் பெட்டியின் ஒயர்களோடு இணைப்பது, 1985-ல் ஜப்பானில் வந்த தரம். பக்கத்துக்கு 28 ஆக 56 பின். 1, 2 கிரவுண்டு. 3, 4 ஐந்து வோல்ட். 6 பன்னிரண்டு வோல்ட். சிவப்பு 12-ல், நீலம் 13-ல், பச்சை எதிர்ப்பக்கம் என் (N)-ல், சிங்க் பி (P)-ல். ஏழாவது இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்க வேண்டும். தலைகீழாகச் சொருகாமல் தடுப்பது அதுதான். பழைய கடை மெஷின்களில் பாதிக்கு அது இருக்காது. தலைகீழாகச் சொருகினால் 12 வோல்ட் நேராக இரண்டாவது பட்டனின் பின்னுக்குப் போய் இன்புட் ஐ.சி.யைக் கொன்றுவிடும்.

ஐந்து வோல்ட்டை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அளக்காதீர்கள், போர்டின் விளிம்பில் அளங்கள். 5.00 முதல் 5.10 வரை இருக்கட்டும். 4.75-க்குக் கீழே போனால் ஆட்டம் நடுவில் ரீசெட் ஆகும். ஒயர் மெலிந்து போன மெஷின்களில் 'போர்டு போச்சு' என்று தூக்கிப் போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

மூன்றாவது ஸ்டிக்: ஜாமாவில் இரண்டு பேருக்குத்தான் பின் உண்டு. மூன்றாமவருக்குப் போர்டில் தனி கனெக்டர். அது கழன்றிருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். டெஸ்ட் ஸ்விட்சை அழுத்தி இன்புட் திரைக்குப் போய் ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்டிப் பாருங்கள். நான்கு திசையும் பட்டனும் மொத்தமாகச் செத்திருந்தால் பொது கிரவுண்டு ஒயர். ஒரு திசை மட்டும் என்றால் ஸ்டிக்குக்கு அடியில் அந்தத் திசைக்கு உள்ள மைக்ரோஸ்விட்ச்.

---

ஆறு_பட்டன்

ஃப்ளைபேக் அண்ணன் சொன்னதோடு ஒன்று. விலை பேசும் முன் போர்டு அசலா நகலா என்று பாருங்கள், 9,000-த்தில் பெரிய பங்கு அதுதான்.

அசல் முஸ்தபா 1993-ல் வந்தது, சி.பி.எஸ்.-1 போர்டின் கடைசிக் கால வகை, க்யூசவுண்ட் என்ற ஒலி முறையோடு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். நகல் போர்டு ஒரே தட்டாகவோ இரண்டாகவோ பரந்து கிடக்கும்; சிப்பின் மேல் எழுத்தைச் சுரண்டியிருப்பார்கள், ஒலிக்கு ஓகேஐ 6295 மாதிரி மலிவான சிப். காதால் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம்: இசை சின்னத் துண்டாக அறுந்து அறுந்து சுற்றினால் நகல். தமிழ்நாட்டில் ஓடியவை அதிகமும் நகல்தான். ஆடுவதற்கு அது ஒன்றும் குறையில்லை, ஆனால் அசல் விலை கொடுக்காதீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை, அசலுக்குத்தான் ஆயுள் பயம். ஒலிப் பக்கம் இருக்கும் கபூக்கி என்ற இசட்-80 சிப்பின் மறைகுறி, அதாவது அதன் புரோகிராமைத் திறக்கும் சாவி, பேட்டரியில் நிற்கிறது. பேட்டரி தீர்ந்தால் மறைகுறி போய்விடும், அப்புறம் சத்தம் வராது. புது பேட்டரி போட்டாலும் திரும்பாது. சாதா இசட்-80 சிப்பும் மறைகுறி நீக்கிய புரோகிராம் உள்ள ரோம் சிப்பும் மாட்டுவதுதான் வழி. உங்கள் மெஷினில் சத்தம் வருகிறது என்பதால், ஒன்று நகல், அல்லது பேட்டரி இன்னும் உயிரோடு இருக்கிறது. பேட்டரி இருந்தால் அதன் வோல்ட்டேஜை மீட்டரில் மட்டும் பாருங்கள், கழற்றிப் பார்க்காதீர்கள்.

டியூபில் என்ன பார்ப்பது: ஆன் செய்து பத்து நிமிடம் கழித்துப் படம் இன்னும் மங்கலாகவே இருந்தால் டியூப் தளர்ந்துவிட்டது. ஆஃப் செய்த கண்ணாடியில் 'இன்சர்ட் காயின்' தழும்பு தெரிகிறதா பாருங்கள். இந்த இரண்டும் இல்லாமல், பெட்டியின் அடிப் பலகை ஈரத்தில் ஊதாமல் இருந்தால் 6,000 வரை போகலாம் என்பது என் கணக்கு. பெட்டி பிளைவுட்டா அமுக்கின தூள் பலகையா என்று அடியில் குனிந்து பாருங்கள்; தூள் பலகை ஒருமுறை தண்ணீர் குடித்தால் ஸ்க்ரூ பிடிக்காது.

எல்.சி.டி. கேட்டீர்கள். போர்டு தரும் வீடியோவின் கிடைமட்ட அதிர்வெண் 15 கிலோஹெர்ட்ஸ். கணினி மானிட்டர் 31-க்குக் கீழே எடுக்காது. நடுவில் ஜி.பி.எஸ். 8200 மாதிரி கன்வெர்ட்டர் தேவை. ஜாமா வீடியோவின் அளவு கூடுதல், அதனால் கன்வெர்ட்டரில் இருக்கும் மூன்று பிரீசெட்டையும் முதலில் குறைத்து வைத்துவிட்டு மெதுவாக ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை எல்லாம் தீய்ந்து தெரியும். ஓடும், ஆனால் பட்டனை அடிப்பதற்கும் படம் அசைவதற்கும் நடுவில் ஒரு சின்னத் தாமதம் வந்து உட்காரும். முஸ்தபாவில் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் எனக்கு ஆகாது.

பண்டோரா பாக்ஸ் அதே ஜாமா கனெக்டரில் சொருகும், சில மாடல்களில் சி.ஜி.ஏ. (பழைய டியூபுக்கு), வி.ஜி.ஏ. (கணினி மானிட்டருக்கு) தேர்வு உண்டு, பழைய டியூபிலும் ஓடும். ஆயிரம் கேம் என்று எழுதியிருப்பதில் உரிமம் வாங்கியது எதுவும் இல்லை. கடையில் வைத்துக் காசு வாங்க அது சரிப்படாது. அதோடு டியூப், எர்த், ஸ்டிக் கோளாறு எதையும் அது சரி செய்யாது. அதெல்லாம் பெட்டியின் கோளாறு.

---

ஒத்தரூபா

ஏன் மூடினார்கள் என்ற கேள்விக்கு 'செல்போன் வந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். செல்போன் வருவதற்குள் பாதிக் கடை போய்விட்டது. கணக்கைப் பாருங்கள்.

ஒரு ரூபாய்க்கு ஒரு கிரெடிட். புதுப் பையன் மூன்று நிமிடத்தில் செத்தால் மணிக்கு 20 ரூபாய். தெரிந்த பையன் ஒரே காயினில் முஸ்தபாவைக் கடைசி வரை கொண்டுபோனால் முக்கால் மணி நேரத்துக்கு அதே ஒரு ரூபாய். மெஷின் பழசாக ஆக ஆடுபவர்கள் எல்லாரும் தெரிந்த பையன்கள் ஆகிவிடுகிறார்கள். கடைக்காரர் கையில் இருந்த ஆயுதம் டிஃபிகல்ட்டி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போர்டில் அது டிப் ஸ்விட்ச், போர்டிலேயே உள்ள சின்ன ஸ்விட்ச் வரிசை. அசல் முஸ்தபாவில் டெஸ்ட் மெனுவுக்குள். உச்சத்தில் வைத்தால் புதுசாக வருபவன் ஓடிவிடுவான், இறக்கினால் பழையவன் மெஷினை விட்டு நகர மாட்டான். ஜப்பானில் புதுப் போர்டு வாங்கி மாற்றுவார்கள். இங்கே ஒரு ரூபாய் வசூலில் அது கட்டாது.

விலையையும் ஏற்ற முடியவில்லை, ஏனென்றால் விலை என்பது நாணயத்தின் அளவு. காயின் பெட்டிக்குள் ஒரு மாதிரி நாணயம் வைத்து, விழுவது அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது ஒரு முறை. 1992-ல் வந்த ஒரு ரூபாய் 25 மி.மீ., 4.85 கிராம், 2011-ல் வந்தது சுமார் 22 மி.மீ., 3.79 கிராம். இரண்டையும் ஒரே பெட்டி ஏற்காது. ஐந்து ரூபாய் நாணயம் 2007-க்குப் பிறகு 9 கிராமிலிருந்து 6-க்கு இறங்கியது. அதனால்தான் பல கடைகள் டோக்கனுக்குப் போயின, அல்லது காசைக் கையில் வாங்கிக்கொண்டு சர்வீஸ் பட்டனைத் தட்டி கிரெடிட் ஏற்றின. அதற்கு எந்நேரமும் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

போட்டி பல பக்கமிருந்து வந்தது. டி.வி.யில் சொருகும் 8-பிட் டப்பா சின்னப் பையன்களை வீட்டுக்குள் இழுத்தது. பிளேஸ்டேஷன் கடைகள் மணிக்கு இவ்வளவு என்று வாங்கின. அங்கே நன்றாக ஆடுபவனால் கடைக்காரருக்கு நஷ்டம் இல்லை. என் கருத்தில் காயின் கடையைக் கொன்றது கிராஃபிக்ஸ் அல்ல, இந்த மணிக்கணக்குதான். 1997-ல் ஆர்கேட் கேமைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டர் வந்த பிறகு பிரௌசிங் சென்டர் கணினியிலேயே முஸ்தபா ஓடியது.

கடை வைப்பதும் சுலபமில்லை. சில இடங்களில் வீடியோ கேம் என்ற பெயரில் சூதாட்ட மெஷின் ஓடியதால் எல்லாருக்கும் கெடுபிடி. எம்.ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம், வீடியோ கேம் கடைக்கு உரிமம் கேட்பது செல்லும் என்றது. ஸ்கூல் யூனிஃபார்மோடு பையன்கள் நிற்கும் கடைக்கு வீட்டு ஓனரும் முகம் சுளிப்பார். கடைசியில் டியூப் உற்பத்தியே நின்றது. டியூப் போன மெஷின் மூலைக்குப் போனது.

ஸ்டிக் பிடிக்க இப்போது எங்கே என்றால், மால் கேம் ஸோன்களில் தேடலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே இடம் சதுர அடிக் கணக்கில் வாடகை; டிக்கெட் கக்கும் மெஷின், பொம்மை பிடுங்கும் கொக்கி, கார், துப்பாக்கி இவைதான் கட்டுபடியாகும். காசுக்குப் பதில் கார்டில் பணம் ஏற்றித் தேய்க்க வேண்டும். ஏற்றும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: கார்டுக்குத் தனி விலை உண்டா, மீதி திரும்ப வருமா, எத்தனை நாளில் காலாவதி. கார்டு தேய்க்கும் முன் ஸ்டிக்கை எட்டுத் திசையிலும் ஆட்டி 'டிக்' சத்தம் வருகிறதா என்று பாருங்கள். சனி ஞாயிறு தவிர்த்தால் நிம்மதி. பொருட்காட்சித் திடல்களில் எப்போதாவது பழைய மரப்பெட்டி மெஷின் வந்து நிற்கும்.

---

ஈரோட்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. இன்று போய்ப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. டி.வி. பிளக்கைக் கழற்றினால் கதவில் 3 வோல்ட், போட்டால் 110-க்குப் பக்கம். போர்டு ஒரே தட்டு, சிப் எல்லாம் சுரண்டியிருக்கிறது. போர்டு விளிம்பில் 4.68 வோல்ட். தழும்பு இல்லை, படம் பிரகாசம். அடிப் பலகை பிளைவுட். 5,500-க்கு இறங்கிவிட்டார்.

---

ஃப்ளைபேக்

அப்படியானால் எடுங்கள். சேசிஸில்தான் மெயின்ஸ் கரண்ட் நிற்கிறது என்று மீட்டரே சொல்லிவிட்டது. வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் டிரான்ஸ்ஃபார்மர், கூடவே பிரைமரி பக்கம் 1.5 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ். ஆன் செய்யும் நொடியில் டிகாஸ் காயில் (டியூபின் காந்தத்தைப் போக்கும் சுருள்) ஒரு இழுப்பு இழுக்கும், சாதா ஃபியூஸ் அதற்கே போய்விடும். காயின் கதவு, ஸ்டிக் தட்டு, எஸ்.எம்.பி.எஸ். கூடு மூன்றுக்கும் எர்த்.

4.68-ஐப் பார்த்ததும் பிரீசெட்டைத் திருப்பாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். முனையிலும் அளந்து பாருங்கள், அங்கே 5.1 இருந்து போர்டில் 4.68 என்றால் வழியில் 0.4 வோல்ட் தொலைகிறது, அதாவது கனெக்டர் கருத்திருக்கிறது. போர்டின் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ஐந்து வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இரண்டிரண்டு ஒயர், 1 சதுர மி.மீ. தடிமனில், புதிதாக இழுங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் மட்டும் பிரீசெட். கெபாசிட்டர் வேலை அதற்கு அடுத்தது. ஏழாவது பின்னுக்கு ஒரு துண்டு பிளாஸ்டிக் வெட்டிச் சொருகிவிட்டுத்தான் போர்டைத் திரும்ப மாட்ட வேண்டும்.

நகல் போர்டில் மூன்றாமவர் கனெக்டர் எந்த மூலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. இருபுறமும் தெரிய ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.