துபாய் கோடையும் அருகம்புல்லும்

"வெயில் காலத்தில் கால்ஃப் ஆட யார் வருவார்கள், உனக்கு லீவுதானே?" ஊருக்குப் போனால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. துபாயில் புல் பராமரிப்பு வேலைக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை எங்களுக்கு நிமிர நேரம் இருக்காது.

ஆட்டக்காரர்கள் குறையும் இந்த மாதங்களில்தான் புல் வேகமாக வளரும். இங்கே போட்டிருப்பது பெர்முடா, நம் அருகம்புல்லின் கலப்பினம். அப்பா வயலிலிருந்து வேரோடு பிடுங்கி வரப்பில் எறிந்த புல்லை நான் இங்கே 3 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டிக் காபந்து பண்ணுகிறேன்.

கோடையின் பெரிய வேலை கோரிங், அதாவது கிரீனில் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும், ஒட்ட வெட்டிய புல்தரையில்) துளை போடுவது. இயந்திரம் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக மண்ணைச் சின்னச் சின்ன உருளைகளாகப் பிடுங்கி மேலே தள்ளிக்கொண்டே போகும். பட்டுப்போல் இருந்த கிரீன் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிடும். முதல் வருடம் எனக்கு வயிறு கலங்கியது. அப்புறம் அப்பா சொல்லும் 'கோடை உழவு கோடி நன்மை' ஞாபகம் வந்தது. இதுவும் அதே கணக்குதான். மிதிபட்டு இறுகிய மண்ணுக்குள் காற்றும் தண்ணீரும் இறங்க வழி வேண்டும்.

உருளைகளை அள்ளிய பிறகு காய்ந்த மணலைப் பரப்பி பிரஷால் துளைக்குள் இறக்குவோம். ஈரம் இருந்தால் மணல் துளை வாயிலேயே அடைத்துக்கொள்ளும். விடியற்காலை நாலு மணிக்கே இறங்கினாலும் பனியில் கிரீன் நனைந்து கிடக்கும், அது காய வேண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை வெளிவேலைக்குத் தடை. ஆட்களைக் காக்கும் நல்ல சட்டம் அது. ஆக, மணல் வேலைக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான்.

முன்பு நான் இருந்த ஒரு மைதானத்தில், முன்பதிவு இருக்கிறது என்று ஒரே ஒரு கிரீனை மட்டும் துளை போடாமல் விட்டுவிடச் சொன்னார்கள். செப்டம்பரில் அது மஞ்சளித்தது, ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்றது. கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்த்தேன். இரண்டு அங்குலத்துக்குக் கீழே கரிக்கோடு மாதிரி கறுப்புப் பட்டை, மூக்கருகே கொண்டு போனால் அழுகிய முட்டை நாற்றம். காற்றில்லாத மண். வேர் ஒரு விரல்கணு அளவுகூட இல்லை. ஒரு வாரம் ஆட்டத்துக்கு மூடித் துளை போட்டிருந்தால் தப்பித்திருக்கும் கிரீன், சீசன் முழுக்க நோயாளியாகவே கிடந்தது. அதை நினைத்தால் இன்றும் ஆதங்கம்தான்.

இங்கே பாய்ச்சுவது பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர். அதிலுள்ள உப்பு மண்ணில் தங்கும். துளை போட்ட கையோடு ராத்திரியில் தண்ணீரை நிறைய விட்டு உப்பைக் கீழே கழுவி இறக்குவோம். துளை இல்லாத கிரீனில் இது நடக்காது.

மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு துண்டு வெட்டிப் பார்ப்பேன். மேலே துளை இருந்த இடமே தெரியாது. உள்ளே, மணல் இறங்கிய அந்தக் குழலுக்குள் மட்டும் வெள்ளை வெளேரென்று புது வேர்கள் கீழே ஓடியிருக்கும்.