மேக் கிளீன் கொடுத்தும் போகாத பழைய ஆப்ஷன்கள்: உங்களுக்கு நடந்ததா?

கரும்பலகை
ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் போர்ட்ஸில் (மென்பொருள்களை சோர்ஸ் கோடிலிருந்து பில்ட் செய்து நிறுவும் தொகுப்பு, அதில் ஒவ்வொன்றும் ஒரு போர்ட்) ஒரு படம் மாற்றும் கருவியை நிறுவினேன். எந்தெந்த வசதிகள் வேண்டும் என்று கேட்கும் ஆப்ஷன் பெட்டி வந்ததும் படிக்காமல் ஓகே கொடுத்துவிட்டேன். திரையே இல்லாத சர்வரில், திரையில் ஜன்னல்களைக் காட்டுவதற்கான எக்ஸ்11 நூலகங்கள் வரிசையாக இறங்கின. சரி, மறுபடி செய்யலாம் என்று பில்ட் மிச்சங்களை நீக்கும் மேக் கிளீன், பிறகு டீஇன்ஸ்டால், இன்ஸ்டால். பெட்டி வரவில்லை, எக்ஸ்11 வந்தது. பொது அமைப்பு ஃபைலான மேக்.கான்ஃபில் எக்ஸ்11-ஐ அணைக்க ஆப்ஷன்ஸ்_அன்செட் போட்டேன். அப்போதும் அதே.

ராத்திரி இரண்டு மணிக்கு /வார்/டிபி/போர்ட்ஸுக்குள் போய் அந்த போர்ட்டுக்கு நான் தேர்ந்தெடுத்ததைச் சேமித்திருக்கும் ஆப்ஷன்ஸ் ஃபைலைத் திறந்தேன். செட் வரிகளுக்கு நடுவே எக்ஸ்11. மேக்.கான்ஃபுக்குப் பிறகு இது படிக்கப்படுவதால் இது சொல்வதே நிற்கிறது. கிளீன் இதைத் தொடுவதே இல்லை! அந்தக் கோபத்தில் /வார்/டிபி/போர்ட்ஸ் மொத்தத்தையும் அழித்தேன். பெட்டி வந்தது.

மூலநிரல்
மொத்தமாக அழித்ததை ஏற்கவே முடியாது. நானும் அதைச் செய்தவன். அடுத்த அப்டேட்டை பேட்ச்=எஸ் (BATCH=yes) போட்டு ஓட்டினேன்; ஒரு பெட்டியும் கேட்காமல் எல்லாம் டிஃபால்ட்டில் பில்ட் ஆகிவிட்டது. என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் எழவில்லை. நான் சேர்த்திருந்த மாட்யூல் இல்லாததால், அதற்கான வரியைத் தெரியாத கட்டளை என்றது. எந்த போர்ட்டில் எதைத் தேர்ந்தெடுத்திருந்தேன் என்று பார்க்க அந்த ஃபைல்களும் இல்லை.

தயவுசெய்து இப்படிச் செய்யுங்கள். முதலில் அந்த போர்ட்டின் கோப்புறையில் மேக் ஷோகான்ஃபிக் கொடுத்து இப்போதைய நிலையைப் பாருங்கள். ஒன்றிரண்டு மாற்றம் என்றால் மேக் கான்ஃபிக் போதும், சேமித்தது இருந்தாலும் பெட்டியைத் திறக்கும். டிஃபால்ட்டுக்கே திரும்ப வேண்டுமென்றால் மேக் ஆர்எம்கான்ஃபிக். ஆர்எம்கான்ஃபிக்-ரிகர்சிவ் அந்த போர்ட் சார்ந்திருக்கும் போர்ட்டுகளின் தேர்வுகளையும் துடைத்துவிடும், அதனால் /வார்/டிபி/போர்ட்ஸை எங்காவது நகலெடுத்த பிறகே அதைத் தொடுங்கள். மேக்.கான்ஃபில் சொன்னதே நிற்க வேண்டுமானால் ஆப்ஷன்ஸ்_அன்செட்_ஃபோர்ஸ் இருக்கிறது.

தொகுப்பி
எனக்கு இதே தொல்லை, நிரல்களை பில்ட் செய்யத் தயார்படுத்தும் சிமேக் கருவியில். ஓபன்எஸ்எஸ்எல் குறியாக்க நூலகத்தின் புதிய பதிப்பை வேறு இடத்தில் நிறுவினேன், பழையதை அழிக்கவில்லை. எத்தனை முறை பில்ட் செய்தாலும் நிரல் எந்த நூலகத்தை ஏற்றுகிறது என்று சொல்லும் எல்டிடி பழைய பாதையையே காட்டியது. சிமேக் ஒருமுறை கண்டுபிடித்த பாதையை சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டியில் வைத்துக்கொண்டு மறுபடி தேடவே இல்லை. 3.24 முதல் --ஃப்ரெஷ் வந்திருக்கிறது, அந்த கேஷை நீக்கிவிட்டு ஆரம்பிக்கும். அன்றைக்கு எனக்குத் தெரியாது, ஒரு நாள் முழுக்க, நூலகங்களை நிரலோடு இணைக்கும் லிங்கரைச் சந்தேகித்தேன்.

கரும்பலகை
மூலநிரல், நீங்கள் சொன்னதும் போய்ப் பார்த்தேன். போன வாரம் பில்ட் செய்த பிஹெச்பியும் டிஃபால்ட்டில்தான் இருக்கிறது. பழைய பேக்கப்பில் அந்தக் கோப்புறையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.