புதுப்பிப்பு: கூத்துக் களம் மண்ணாகவே இருக்கிறது

குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக் களத்துக்குச் சிமெண்ட் தளம் போடப் போகிறார்கள், பழைய மண்டபத்தையும் இடிக்கப் போகிறார்கள் என்று தை மாதம் புலம்பியிருந்தேன். நல்ல செய்தி. இரண்டும் பிழைத்துவிட்டன.

ஊர்க் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "சிமெண்ட் போட்டுட்டா படுகளத்துக்குத் துரியோதனனை எங்கே படுக்க வைப்பீங்க?" பாரதக் கூத்து முடிகிற படுகள நாளில் துரியோதனனைத் தரையிலேயே பெரிய மண் உருவமாகச் செய்வோம். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பதும் திரௌபதி கூந்தல் முடிப்பதும் அங்கேதான். அப்புறம் யாரும் பேசவில்லை.

மண்டபத்துக்குச் சுண்ணாம்புக் காரை. முன்பு சிமெண்டால் ஒட்டுப்போட்ட இடங்களில் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் மாவாக உதிர்ந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த காரையைப் பூசினார்கள். கொத்தனார் கரண்டியில் அள்ளிக் கவிழ்த்துக் காட்டினார். விழவில்லை. "வெண்ணெய் மாதிரி வந்துடுச்சு தம்பி" என்றபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

தூணில் பெட்ரோமாக்ஸ் மாட்டிய கொக்கியைக் கழற்ற வேண்டாம் என்று கெஞ்சினேன். அதற்கு மேலே படிந்த கரியைக்கூட வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

பாக்கி இருப்பது கட்டைகள், அதாவது கூத்தாடுபவர்கள் அணியும் மர அணிகள். கல்யாண முருங்கையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் பூச்சி அரித்துக் கிடக்கின்றன. செய்யாறு, புரிசைப் பக்கம் இதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நேரில் எடுத்து வருகிறேன்.