அந்தமான் நீல் தீவில் கப்பல்கள் நிறுத்தம்: மீன்பிடிப் படகில் கிளம்பலாமா, காத்திருக்க வேண்டுமா?

கேள்வி

வணக்கம். மதுரையிலிருந்து நண்பர்கள் எட்டுப் பேர் அந்தமானுக்கு வந்திருக்கிறோம். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், பிறகு மீண்டும் போர்ட் பிளேர் எனத் தீவு தீவாகக் கடல்வழியே செல்வதுதான் திட்டம். நீல் தீவை அடைந்த மறுநாளே வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதால், அரசுக் கப்பல், தனியார் கப்பல் இரண்டும் நிறுத்தப்பட்டுவிட்டன. நாளை மறுநாள் மாலை சென்னைக்கு விமானம். எங்களில் மூவருக்கு விடுப்பை நீட்டிக்க வழியில்லை.

பரத்பூர் ஜெட்டியில் நின்று பார்த்தால் கடல் குளம்போல் கிடக்கிறது. மீன்பிடிப் படகு வைத்திருக்கும் ஒருவர், பணம் கொடுத்தால் போர்ட் பிளேரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்கிறார். நண்பர்களில் பாதிப் பேர் போகலாம் என்கிறார்கள், மற்றவர்கள் வேண்டாம் என்கிறார்கள், பேச்சு மனக்கசப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கு அமைதியாகத் தெரியும் இந்தக் கடலை நம்பலாமா? இத்தகைய நிறுத்தம் வழக்கமாக எவ்வளவு காலம் நீடிக்கும்?

பதில் 1 (போர்ட் பிளேரில் வசிப்பவர்)

தயவுசெய்து அந்தப் படகில் ஏறாதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

பரத்பூர் தீவின் வடக்குக் கரையில் இருக்கிறது. இப்போது காற்று தென்மேற்கிலிருந்து வீசுவதால், தீவே உங்களுக்கு மறைப்பாக நிற்கிறது; போதாததற்கு எதிரே பவளப்பாறைத் திட்டும் இருக்கிறது. போக வேண்டாம் என்பவர்களை விட்டுவிட்டு, போகலாம் என்கிற நண்பர்களை மட்டும் ஓர் ஆட்டோவில் ஏற்றி, தென்கிழக்கு முனையிலுள்ள சீதாபூர் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அரை மணி நேரம் நின்று கடலைப் பார்த்தபின் அவர்களே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

நீலிலிருந்து போர்ட் பிளேர் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வழி தென்மேற்கு நோக்கியது என்பதால், தீவின் மறைவைத் தாண்டியவுடன் காற்றும் அலையும் நேர் எதிரே வரும். நல்ல கடலிலேயே சிறு படகுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரம் இது. இந்தப் பருவத்தில் இங்கே மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேலும், மீன்பிடிப் படகுக்குப் பயணிகளை ஏற்றும் உரிமம் கிடையாது. எட்டுப் பேருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்குமா என்பதே ஐயம்.

2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேருக்கு அருகிலேயே, ராஸ் தீவுப் பக்கம், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நடந்தது அது. இங்குள்ள தமிழர்கள் எவரும் அந்த நாளை மறக்கவில்லை.

பதில் 2 (வணிகக் கப்பலில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்)

மேலே சொல்லப்பட்டதை முழுமையாக ஆமோதிக்கிறேன். எவ்வளவு காலம் நீடிக்கும் என்ற கேள்விக்கு மட்டும் என் அனுபவத்திலிருந்து விடை தருகிறேன்.

காற்று நிற்பது வேறு, கடல் இறங்குவது வேறு. அலையின் உயரத்தைத் தீர்மானிப்பவை காற்றின் வேகம், அது வீசிய நேரம், தடையின்றி வீசிய கடற்பரப்பின் நீளம் ஆகிய மூன்றுமே. தாழ்வு மண்டலம் விலகிக் காற்று அடங்கிய பிறகும், தொலைவில் எழுந்த நெடிய அலைகள் ஒரு நாளோ இரண்டு நாளோ வந்துகொண்டே இருக்கும். பத்து விநாடிக்கு ஒன்றாக வரும் அலையில், ஆழ்கடலில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஏறத்தாழ 150 மீட்டர் இருக்கும். அவ்வளவு அகன்ற மேடு மெதுவாக ஏறி இறங்குவது கரையில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படாது. ஆழம் குறைந்த பாறைத்திட்டை அடைந்து உடையும்போதுதான் அதன் வலிமை தெரியும். நடுக்கடலைக் கப்பல் கடந்துவிடக்கூடிய நிலையிலும், இந்த அலையால் ஜெட்டியில் கப்பல் முன்னும் பின்னும் இழுபடும், ஆட்களை இறக்க முடியாது. வெயில் அடிக்கும் நாளிலும் கப்பலை ரத்து செய்வதற்கு இது ஒரு காரணம். அதிகாரிகள் சோம்பலால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

வானிலைத் துறையின் அறிக்கையில் மழையை விட்டுவிட்டுக் காற்றைப் பாருங்கள். சூறைக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் என்றும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்றும் இருக்கும்வரை கப்பலை எதிர்பார்க்க வேண்டாம். துறைமுகத்தில் 3-ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருந்தால், அந்தத் துறைமுகத்தையே சூறைக்காற்று தாக்கக்கூடும் என்று பொருள். 1-ஆம் எண் கூண்டு தொலைவில் உள்ள தாழ்வைக் குறிப்பது. நம் ஊரில் “அந்தமான் அருகே உருவான தாழ்வு மண்டலம் தமிழகக் கரையை நோக்கி நகர்கிறது” என்று செய்தி வரும்போது நாம் கவலைப்படுகிறோம். அந்தச் செய்தி வருகிற நேரத்தில் உங்கள் பக்கம் கடல் இறங்கத் தொடங்கியிருக்கும்.

பதில் 3

2016 டிசம்பரில், பிறகு வர்தா புயலாகிச் சென்னையைத் தாக்கிய அதே தாழ்வு மண்டலத்தின்போது, நானும் என் கல்லூரி நண்பர்களும் ஹேவ்லாக்கில் சிக்கியிருந்தோம். நீலிலும் ஹேவ்லாக்கிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். எங்களை மீட்கக் கடற்படைக் கப்பல்கள் வந்தன. அந்தக் கப்பல்களும் கடல் இறங்கும்வரை காத்திருந்துதான் ஆட்களை ஏற்றின. கடற்படையே காத்திருந்த கடலில் மீன்பிடிப் படகைச் செலுத்துவதை நினைத்துப் பாருங்கள்.

நண்பர்களுக்குள் வரும் மனக்கசப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்களை அதிகம் வருத்தியது அதுதான். விடுப்பு முடிகிறவர் பதற்றத்தில் பேசுவதை, பொறுப்பில்லாமல் பேசுவதாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய மேலாளரிடம் எங்களில் ஒருவரும் தொலைபேசியில் பேசி நிலைமையை விளக்கிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. நீங்களும் அந்த மூவரின் அலுவலகத்துக்கு இன்றே எழுதிவிடுங்கள். கப்பல் ரத்தான அறிவிப்பைப் படம் பிடித்து இணையுங்கள். கூடவே, ஒருவர் வேண்டாம் என்றாலும் எவரும் படகில் ஏறுவதில்லை என்று எட்டுப் பேரும் ஒப்புக்கொள்ளுங்கள். பெரும்பான்மை பார்த்து முடிவெடுக்கும் விஷயமல்ல இது.

மின்சாரம் இருக்கும்போதே கைப்பேசிகளுக்கு மின்னேற்றி விடுங்கள். கையிலுள்ள ரொக்கத்தை ஒன்றாகத் திரட்டி ஒருவரிடம் கொடுங்கள். நீல் தீவில் காய்கறி விளைகிறது என்பதால் சாப்பாட்டுக்கு உடனடியாகப் பஞ்சம் வராது.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சீதாபூருக்கு எட்டுப் பேருமே போனோம். படகுக்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டோம், அலுவலகங்களுக்கும் எழுதியாகிவிட்டது. விமானச் சீட்டை இப்போதே மாற்றலாமா, நாளை வரை பார்க்கலாமா?

பதில் 1

இப்போதே விமான நிறுவனத்தை அழைத்துப் பேசுங்கள். விமானம் புறப்பட்ட பிறகு பேசினால் வராதவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கப்பல் தொடங்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் நாளிலிருந்து ஒரு நாள் இடைவெளி விட்டுச் சீட்டு எடுங்கள், ஏனெனில் முதல் நாள் கப்பலில் உங்களைப் போலவே தேங்கிய அனைவரும் இடம் கேட்பார்கள். ரத்தான கப்பல் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். பணத்தைத் திரும்பப் பெற அவை வேண்டும். தினமும் காலையில் ஒருவர் மட்டும் ஜெட்டி டிக்கெட் கவுண்டருக்குப் போய் விசாரித்தால் போதும். யாருக்காவது உடல்நலம் கெட்டால் உடனே தீவின் அரசு சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். ஹெலிகாப்டர் தேவைப்பட்டால் அங்கிருந்துதான் கோர முடியும். கடலில் யாராவது ஆபத்தில் இருப்பதைக் கண்டால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு அழையுங்கள்.