லியோவைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா?

வாட்ஸ்அப் குழு: எங்கள் வீட்டார், நீலகிரி
சனிக்கிழமை

மாலை 6:12
பந்தலூர் அத்தை: ‘பீயிங் எரிக்கா’ தொடரின் மூன்றாவது சீசனை நேற்று இரவு முடித்துவிட்டேன். நான்காவதை இன்னும் தொடங்கவில்லை, ஆகவே அதில் என்ன நடக்கிறது என்பதை யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள். ஆனால் முதல் சீசன் முடிந்ததிலிருந்தே என் மனத்தில் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருக்கிறது. எரிக்காவின் செத்துப்போன தம்பி லியோவைக் காப்பாற்றும் வாய்ப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, “அதை மட்டும் செய்யாதே” என்று ஒரு டாக்டர் சொல்வது எந்த ஊர் நியாயம்? அண்ணே, நீங்கள் பதில் சொல்லுங்கள்.

மாலை 6:15
பெரியம்மா: பதில் சொல்வதற்கு முன்னால் கதையைச் சொல்லுங்கள். கொஞ்ச நாளாக இந்தக் குழுவில் எரிக்கா, எரிக்கா என்றே பேச்சு ஓடுகிறது. யாரோ நம் சொந்தக்காரப் பெண் என்று நினைத்திருந்தேன்.

மாலை 6:24
தம்பி: இது கனடா நாட்டுத் தொடர், பெரியம்மா. சிபிசி தொலைக்காட்சியில் 2009 ஜனவரி முதல் 2011 டிசம்பர் வரை நான்கு சீசன்களாக, மொத்தம் 49 அத்தியாயங்கள் ஒளிபரப்பானது. டொராண்டோவில் வாழும் எரிக்கா ஸ்ட்ரேஞ்ச் என்ற 32 வயதுப் பெண், முதுகலை படித்திருந்தும் வேலையிலும் காதலிலும் எதுவும் ஒட்டாமல் தவிக்கிறாள். அவளை மருத்துவமனையில் வந்து சந்திக்கும் டாக்டர் டாம், வாழ்க்கையில் எந்தெந்தச் செயல்களுக்காக வருந்துகிறாய் என்று ஒரு பட்டியல் எழுதச் சொல்கிறார். பிறகு அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அந்த நாளுக்கே அவளை அனுப்பிவிடுகிறார். அன்றைய வயதுடைய உடலில், இன்றைய அறிவோடு அவள் அந்த நாளை இரண்டாம் முறை வாழ்கிறாள்.

மாலை 6:25
பெரியம்மா: எதில் ஏறிப் போகிறாள்?

மாலை 6:31
நான்: எதிலும் ஏறுவதில்லை, பெரியம்மா. அவள் ஏதோ ஓர் அறையின் கதவைத் திறந்தால் உள்ளே டாக்டர் டாமின் அறை இருக்கும், பேசிக்கொண்டிருக்கும்போதே பழைய நாளுக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான். இயந்திரமும் புகையும் மின்னலும் இல்லாததால்தான் எனக்கு இந்தத் தொடர் பிடித்தது. இன்னொரு துணிச்சலும் இருக்கிறது: பள்ளிக்கூட வயதுக்குப் போனாலும் எரின் கார்ப்லக் என்ற அதே நடிகைதான் அதே முகத்தோடு நடிக்கிறார். கதையில் வரும் மற்றவர்களுக்கு அவள் சிறுமியாகத் தெரிகிறாள், நமக்கு மட்டும் 32 வயதுப் பெண்ணாகத் தெரிகிறாள். சிறுமி வேடத்துக்கு வேறொருவரைப் போட்டிருந்தால், பழைய அவமானத்தை வளர்ந்த மனம் தாங்குவதை நாம் அந்த முகத்தில் பார்த்திருக்கவே முடியாது.

மாலை 6:40
மாமா: அதெல்லாம் சரி. தேயிலைத் தொழிற்சாலையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். வாட்டும் தொட்டியில் செய்த மாற்றம் கடைசியில் தூளில் தெரிந்தாக வேண்டும். இவள் இத்தனை முறை பின்னால் போய் எதை எதையோ மாற்றிவிட்டு வருகிறாள், திரும்பி வந்தால் வேலையும் வீடும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அப்படியானால் போனதற்கு என்ன பயன்?

மாலை 6:58
ஊட்டி அக்கா: மாமா, பயன் இருக்கிறது, அது அவளுக்குள் இருக்கிறது. என் மனநல ஆலோசனை அறையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பழைய வேதனை ஒன்றில் சிக்கியிருப்பவரைக் கண்களை மூடி அந்தக் காட்சிக்குள் மறுபடி போகச் சொல்லி, இன்றைய வயதில் இருக்கும் அவரே அங்கே நுழைந்து அன்றைய குழந்தைக்காகப் பேசும்படி வழிநடத்தும் சிகிச்சை முறை உண்மையிலேயே இருக்கிறது. நடந்த சம்பவம் மாறுவதில்லை; அந்தச் சம்பவம் தன்னைப் பற்றிச் சொன்னதாக அவர் இத்தனை காலம் நம்பியிருந்த தீர்ப்பு மாறுகிறது. தொடரில் கவனித்துப் பாருங்கள்: எந்தத் தவற்றைத் திருத்தப் போகிறாளோ அது பல முறை உண்மையான காரணமாகவே இருப்பதில்லை, வேறு ஏதோ ஒன்றைக் கண்டுகொண்டு திரும்புகிறாள். எழுதியவர்களுக்கு இந்தத் தொழில் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு அமர்விலும் பெரியவர்களின் பொன்மொழியை எடுத்துவிடும் பழக்கத்தை மட்டும் டாக்டர் டாம் குறைத்துக்கொண்டிருக்கலாம். நிஜத்தில் அப்படிச் செய்தால் வந்தவர்கள் அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

இரவு 7:05
பந்தலூர் அத்தை: பேச்சை மாற்றாதே, பாப்பா. நான் கேட்டது லியோவைப் பற்றி. களஞ்சியத்தில் பிடித்த தீயில் தம்பி சாகப் போகிறான் என்று தெரிந்தும் சும்மா நிற்க எந்த அக்காவால் முடியும்? டாக்டர் போட்ட விதியை மீறினாள், நானாக இருந்தாலும் மீறியிருப்பேன். அதற்காக இரண்டாவது சீசனின் தொடக்கத்தில் டாக்டர் டாமை அவளிடமிருந்து பிரித்து, அந்த டாக்டர் நாடியாவிடம் ஒப்படைத்ததை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

இரவு 7:33
பெரியப்பா: கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீ அப்போது கைக்குழந்தை, உனக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை, எனக்கு இருக்கிறது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம் போன்ற தமிழர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரித்தார்களே, அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் சேர்வது என்பதை நம் அப்பா நுவரெலியா லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஓர் அறை) விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார். அம்மாவுக்கு விருப்பமில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, மலை ஏறி இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, கூட வளர்ந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டாம் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் டாம் என்னை அழைத்தால் அந்த லயத்துக் காம்பராவுக்குப் போய் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்துவேன் என்று நானே பல முறை நினைத்திருக்கிறேன். இந்தத் தொடரைப் பார்த்த பிறகு அது என் பட்டியலில் இருக்க வேண்டிய காரியமே அல்ல என்று எனக்குப் பட்டது. அது அப்பா எடுத்த முடிவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு, பங்கு கிடையாது.

இரவு 7:36
மாமா: மச்சான், அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் நான் இங்கே சேரங்கோட்டுத் தோட்டத்தில் யாரைப் பார்த்திருப்பேன், யாரைக் கட்டியிருப்பேன் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இரவு 7:37
பந்தலூர் அத்தை: அதே கூடத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு இதைத் தட்டச்சு செய்கிறார் உங்கள் மாமா. நேரில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இரவு 7:52
ஊட்டி அக்கா: அப்பா சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். டாக்டர் டாமின் விதி கல்நெஞ்சத்தால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பட்டியலில் இடம்பெறுபவை எரிக்கா செய்தவை, அல்லது செய்யத் தவறியவை: சொன்ன சொல், சொல்லாமல் விட்ட உண்மை, பயந்து ஒதுங்கிய வாய்ப்பு. லியோவின் மரணம் அவள் செய்த செயல் அல்ல; அது அவளுக்கு நேர்ந்த இழப்பு. வருத்தத்துக்கும் துக்கத்துக்கும் வேறு வேறு மருந்து. வருத்தத்தோடு வருபவரிடம் “அடுத்த முறை என்ன செய்வீர்கள்?” என்று கேட்கலாம். துக்கத்தோடு வருபவரிடம் அதே கேள்வியைக் கேட்டால், காப்பாற்றத் தவறிய குற்றவாளி நீங்கள்தான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆனால் அத்தை சொல்வதில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். காலக் கதவைத் திறந்து காட்டிவிட்டு, இந்த ஒரு நாளை மட்டும் தொடாதே என்று சொல்வது நோயாளியின் முன்னால் பசியைத் தூண்டும் தட்டை வைப்பதற்குச் சமம். மீறுவாள் என்பதை எதிர்பார்த்து ஆயத்தமாக இருந்திருக்க வேண்டியவர் டாக்டர்தான்.

இரவு 8:04
நான்: அவர் ஏன் ஆயத்தமாக இல்லை என்பதற்கு அவருடைய மகள் சாராவின் கதையில் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டை விட்டுப் போய்விட்ட சொந்த மகளிடம் பேச வழி தெரியாத மனிதர், ஊரார் வீட்டுப் பெண்ணுக்கு உறவுகளைச் சீர்செய்யச் சொல்லிக்கொடுக்கிறார். முதல் சீசனில் எல்லாம் தெரிந்த ஞானி மாதிரி வந்தவர், இரண்டாவது சீசனின் முதல் அத்தியாயத்திலேயே நம்மைப் போன்ற ஆளாக இறங்கிவிடுகிறார். டாக்டர்கள் அனைவரும் ஒரு காலத்தில் நோயாளிகளாக இருந்தவர்கள், அவர்களுக்கும் டாக்டர்கள் உண்டு என்று தெரிய வந்த இடத்தில்தான் நான் இந்தத் தொடரை முழுமையாக நம்பத் தொடங்கினேன். மைக்கேல் ரைலியின் நடிப்பும் அந்த அத்தியாயத்துக்குப் பிறகு வேறு தரத்துக்குப் போய்விட்டது.

இரவு 8:09
ஊட்டி அக்கா: அது நிஜத்திலும் உண்டு. எங்களைப் போன்றவர்கள் எங்கள் நோயாளிகளைப் பற்றி மூத்த ஆலோசகர் ஒருவரிடம் தவறாமல் கலந்து பேச வேண்டும். கையாள முடியாத நிலை வந்தால் நடுவழியில் விட்டுவிடாமல் இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகையால் டாக்டர் நாடியாவிடம் மாற்றியதைத் தண்டனையாகப் பார்க்காதீர்கள், அத்தை. முறைப்படி நடந்த காரியம் அது.

இரவு 8:11
பந்தலூர் அத்தை: முறைப்படி நடந்தாலும் அந்த அம்மாள் சிரிக்கவே மாட்டேன் என்கிறாளே!

இரவு 8:20
தம்பி: கை (Kai) என்ற பாத்திரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே! இரண்டாவது சீசனில் காப்பிக் கடையில் வேலை செய்யும் அந்தப் பாடகன்தான் எனக்கு முக்கியமான பாத்திரம். அவன் 2019-ஆம் ஆண்டிலிருந்து வந்திருக்கும் நோயாளி. எரிக்காவுக்கு நிகழ்காலமாக இருக்கும் நாள், அவனுக்குத் திருத்த வேண்டிய பழைய நாள். அதுவரை பழையதுக்குப் போய் வந்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்திருந்த நமக்கு, அவளுடைய இன்றைய நாளே யாரோ ஒருவருடைய பட்டியலில் இருக்கக்கூடும் என்பது தலை சுற்ற வைத்தது.

இரவு 8:26
மாமா: எனக்கு வேறு காரணத்தால் சிரிப்பு வந்தது. அவர்கள் பெரிய எதிர்காலமாகக் காட்டிய 2019 நமக்குப் பழைய காலண்டர். அடுத்த ஆண்டே உலகம் முழுவதும் கதவைப் பூட்டிக்கொண்டு உட்காரப் போகிறது என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தால், அவன் வந்ததும் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பான்.

இரவு 8:34
பெரியம்மா: கதை புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிறதா, இல்லையா?

இரவு 8:41
பந்தலூர் அத்தை: அதைத்தான் அண்ணி, என்னாலும் தாங்க முடியவில்லை. கல்லூரி நாளிலிருந்து நண்பனாக இருந்த ஈதன், விவாகரத்தாகித் தனியாக வந்து, இரண்டு பேரும் ஒருவழியாகச் சேர்ந்தார்கள். நல்ல பையன், அமைதியானவன். அவனை விட்டுவிட்டு மூன்றாவது சீசனில் ஆடம் என்று கோபக்காரன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

இரவு 8:55
ஊட்டி அக்கா: ஈதன் நல்லவன்தான், அத்தை. ஆனால் எரிக்காவின் வாழ்க்கையில் மிகப் பெரிய காரியம் அந்தக் கதவுக்கு அப்பால் நடந்துகொண்டிருக்கிறது, அவன் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறான். ஆடமும் அவளைப் போலவே பழைய நாட்களுக்குப் போய் வருபவன், அவளோடு அதே குழுச் சிகிச்சையில் இருப்பவன். அவள் எங்கே போய் வந்தாள் என்று அவனிடம் விளக்க வேண்டியதில்லை. பழைய எரிக்காவுக்கு ஈதன் போதும், மூன்று சீசன் சிகிச்சைக்குப் பிறகு இருப்பவளுக்குப் போதாது. குழுச் சிகிச்சையில் காதல் அரும்புவதை எந்த ஆலோசகரும் வரவேற்க மாட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; நானாக இருந்தால் இருவரையும் தனித்தனிக் குழுவில் போட்டிருப்பேன்.

இரவு 9:02
நான்: காதலை விடுங்கள். முதலாளியம்மாவாக அவளை ஆட்டிப்படைத்த ஜூலியான், கடைசியில் அவளோடு சமபங்கில் பதிப்பகம் தொடங்குகிறாளே, இந்தத் தொடரின் சிறந்த ஜோடி அதுதான்.

இரவு 9:03
பெரியப்பா: வழிமொழிகிறேன்.

இரவு 9:10
பந்தலூர் அத்தை: அண்ணே, நீங்கள் சொன்னதை இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கையெழுத்து நம் பட்டியலில் சேராது என்பதை ஏற்கிறேன். லியோ விஷயத்தில் நான் இன்னும் எரிக்கா பக்கம்தான். தவறு என்று தெரிந்தே செய்திருப்பேன், டாக்டர் டாம் திட்டினால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

இரவு 9:14
பெரியப்பா: நீ அப்படித்தான் செய்வாய் என்று எனக்குத் தெரியும். உன்னைத் தடுக்கும் வேலையை நான் எந்த டாக்டருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரவு 9:16
தம்பி: அத்தை, நான்காவது சீசனில் 11 அத்தியாயங்கள்தான். நாளைக்கே தொடங்கிவிடுங்கள்.

இரவு 9:18
பந்தலூர் அத்தை: நாளை மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறேன். உங்கள் மாமா எனக்குத் தெரியாமல் ஏற்கெனவே முடிவைப் பார்த்துவிட்டார் என்று முகத்திலேயே தெரிகிறது. அவர் வாயைத் திறந்தால் இரவுச் சாப்பாடு கிடையாது என்பதை அனைவர் முன்னிலையிலும் இங்கே பதிவு செய்கிறேன்.

இரவு 9:19
மாமா: பார்த்தேன். சொல்ல மாட்டேன். ஆனால் ஈதனைப் பற்றி நீ எழுதியதை மட்டும் அழிக்காமல் வைத்திரு.